ஆயில் மாற்றும் நாள்

புருஷன் சுருளி ஓட்டும் லாரி ஆயில் மாற்றுவதற்காக மதுரையை ஒட்டிய பரவைக்கு வருகிற நாள்தான் முனீஸ்வரிக்குத் திருநாள். உசிலம்பட்டியில் அவள் வைத்திருக்கும் தையல் கடை அன்றைக்குத் திறக்காது. ரவிக்கை கேட்டு யார் வந்து நின்றாலும் நாளைக்குத்தான். கோழிக்குழம்பும் சோறும் கட்டிக்கொண்டு, பஸ் மாறி, மெக்கானிக் அசோக்குமாரின் பட்டறைக்குப் போய்ச் சேருவாள். சூடாக இருக்கும் பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டரை மாற்றி, கிரீஸ் அடித்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை புருஷன் அவளுக்குத்தான். சாப்பிட்டுவிட்டு இருவரும் மதுரைக்குள் போய் ஒரு படம் பார்ப்பார்கள். கோரிப்பாளையத்தில் பரோட்டா தின்பார்கள். மற்ற நாட்களில் அவன் வீட்டுக்கு வருவதெல்லாம் குளித்து, தூங்கி, விடிவதற்குள் கிளம்புகிற கணக்குத்தான்.

அப்படி ஒரு நாளில்தான் அசோக்குமார் இன்ஜின் பக்கத்தில் ஒரு புது டப்பாவை வைத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி அது?" என்றாள் முனீஸ்வரி.

"பைபாஸ் ஃபில்டரு மதினி. மீனாட்சி கோயில்ல கூட்டத்தைப் பெரிய வாசல்ல மொத்தமா விடுறாங்கல்ல, பழைய ஃபில்டர் அப்படி. பெரிய தூசியத்தான் பிடிக்கும். இது ஓரத்துல ஒரு சின்ன வாசல் மாதிரி. கொஞ்சங் கொஞ்சமா ஆயில உள்ள விட்டு, கண்ணுக்குத் தெரியாத கரியக்கூட நிறுத்திப் பிடிச்சுட்டுத் திருப்பி அனுப்பும். ஆயிலும் இனிமே சாதா ஆயில் இல்ல, சிந்தெடிக். சூட்டுக்குச் சீக்கிரம் கெடாது."

சுருளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப அடிக்கடி வர வேணாம்ல?"

"வேணாம்ணே. மூணு தடவை மாத்துற எடத்துல ஒரு தடவை மாத்துனா போதும். நடுவுல ஆயில் சாம்பிள் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிருவோம். நல்லா இருக்குன்னு வந்தா அப்படியே ஓட்டலாம்."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த முனீஸ்வரியின் கை நின்றது. "அம்புட்டு நாளைக்கா?"

"பயப்படாத புள்ள. வண்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்றான் சுருளி.

"ஆமா, வண்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி பிசைந்தாள்.

அதன் பிறகு லாரி ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு லோடு இறங்கினால் மறு லோடு தயாராக நின்றது. ஆயில் மாற்ற நிற்க வேண்டியதில்லை என்று தெரிந்ததும் சுருளி வந்த லோடையெல்லாம் ஒத்துக்கொண்டான். போனில் கூப்பிட்டால் வண்டிப் பேச்சுத்தான். "டெஸ்ட்டுல ஆயில் இன்னும் நல்லாருக்காம் முனீசு! இன்ஜின் சத்தமே மெத்துன்னு இருக்கு." முனீஸ்வரி ம் கொட்டுவாள். ஒரு டப்பாவின் மேல் போய்ப் பொறாமைப்படுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒருநாள் மனசு கேட்காமல் அசோக்குமாருக்குப் போன் போட்டாள்.

"தம்பி, நீங்க மாட்டுன டப்பா கழண்டு கிழண்டு விழுந்துறாதா?"

"விழாது மதினி. நாலு போல்ட்டுப் போட்டு நல்லா இறுக்கியிருக்கேன்."

"நல்லா இறுக்குனீங்க போங்க!"

சிரிக்கப் போன அசோக்குமார் பாதியில் நிறுத்திக்கொண்டான். "மதினி..." என்று இழுத்தான். அவள் போனை வைத்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் சுருளியிடமிருந்து போன் வந்தது. "எங்க இருக்க? நான் பரவைல நிக்கிறேன். பைபாஸ் ஃபில்டருக்கு உள்ள இருக்குறத மாத்த அசோக்கு வரச் சொன்னான். நீயும் வாரியா?"

"அது எம்புட்டு நேர வேலை?"

"அரை மணி நேரம்."

"அரை மணி நேரத்துக்கு நான் எதுக்கு மாமா ரெண்டு பஸ் மாறி வரணும்?" நிறுத்த நினைத்தாள். வாய் நிற்கவில்லை. "வண்டிக்காகத்தான் நின்னீங்க, இப்ப அதுக்கும் நிக்க வேண்டியதில்ல. எனக்காக எப்ப நிப்பீங்க?"

"சரி, வையி" என்றான் சுருளி.

கோபித்துக்கொண்டான் என்றுதான் அவள் நினைத்தாள். ரோட்டிலேயே கிடக்கிற மனுஷனிடம் இப்படிப் பேசியிருக்க வேண்டாம். அந்த நினைப்பிலேயே ஒரு ரவிக்கைக்கு வலது கையை இடப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்துக்கொண்டிருந்தாள். அப்போது கடை வாசல் இருண்டது. பார்த்தால், தெருவை அடைத்துக்கொண்டு லாரி நிற்கிறது. பின்னால் டவுன் பஸ் விடாமல் ஹாரன் அடிக்கிறது. மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருவர் ஓரமாக ஒதுங்கி நின்று சுருளியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஏறு!" என்றான் சுருளி கதவைத் திறந்து.

"எங்க?"

"முதல்ல ஏறு புள்ள, பஸ்காரன் வையிறான்."

கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூட எடுக்காமல், கடையைப் பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏறினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் அவள் ஏறியதில்லை. ஊர் முழுக்கக் கீழே தெரிந்தது. ஊரைத் தாண்டியதும் சுருளி வேகத்தைக் குறைத்தான்.

"லோடுக்காரன்கிட்ட நாளைக்குத்தான் வருவேன்னு சொல்லிட்டேன். இன்னைக்கு மதுரைக்குப் படத்துக்குப் போறோம்" என்றான்.

"அசோக்கு தம்பி எதுவும் சொல்லுச்சா?"

"அவனா? டப்பாவத் திறந்து மூடுற வரைக்கும் என் மூஞ்சியவே பாக்கல. என்னடான்னு கேட்டா, 'மதினி எம்மேல கோவமா இருக்காங்கண்ணே'ங்குறான்." சுருளி சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கி, "மிச்சமான நாளெல்லாம் லோடுக்குத்தான்னு நானே முடிவு பண்ணிட்டேன் முனீசு. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சோளக்காடுகள் பின்னால் ஓடின. காலுக்கடியில் இன்ஜின் உண்மையிலேயே மெத்தென்றுதான் உறுமியது.

"நிறுத்துங்க. அந்த ஆயில நான் பாக்கணும்" என்றாள்.

ஓரமாக நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டு, அளவு பார்க்கும் கம்பியை உருவி நீட்டினான். நுனியில் தொட்டு, புதுத்துணியின் நயம் பார்ப்பதுபோல் இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தாள். மண் நெருடவில்லை. பிசுபிசுவென்று ஒட்டவும் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்று வேண்டா வெறுப்பாக ஒத்துக்கொண்டாள். "நாளைக்கு லோடு எங்க?"

"சோலாப்பூர். போய்த் திரும்ப ஒரு வாரம் ஆகும்."

"நானும் வாரேன்."

சுருளி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ரோட்டுல கஷ்டம் புள்ள. குளிக்க, தூங்க, எல்லாமே கஷ்டம்."

"நீங்க படுற கஷ்டந்தான? ஒரு தடவை நானும் பாத்துக்கிறேன். அடுத்த தடவை வரணுமா வேணாமான்னு நான் சொல்றேன்."

மறுநாள் காலையில் தைத்த துணிகளையெல்லாம் வீடு வீடாகக் கொடுத்து முடித்துவிட்டு, ஒரு பையோடும் முறுக்கு டப்பாவோடும் முனீஸ்வரி வண்டியில் ஏறினாள். சீட்டுக்குப் பின்னால் இருந்த படுக்கையைச் சுருளி கூட்டித் துடைத்து, புதுப் போர்வை விரித்து வைத்திருந்தான்.