விளக்குக்கு நேரே பிடித்த எக்ஸ்ரே

கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய எவருக்கும் எக்ஸ்ரே மீது தனி மரியாதை உண்டு. சுரங்கத்து ஆஸ்பத்திரியில் ஆண்டுதோறும் நெஞ்சைப் படம் பிடிப்பார்கள். படத்தில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்திருந்தால் கல்தூசி நுரையீரலைத் தின்னத் தொடங்கிவிட்டது என்று பொருள். விழாவிட்டால் அடுத்த படம்வரை பிழைத்தோம் என்று பொருள். சாமுவேல் தன் வாலிபம் முழுவதையும் அந்தப் படங்களை நம்பியே கழித்தவர். சுரங்கத்தை மூடியபின் குடும்பத்தோடு பெங்களூர் ஆஸ்டின் டவுனுக்கு வந்தபோதும் அந்த நம்பிக்கையைக் கூடவே கொண்டுவந்தார்.

அதனால்தான் மகள் மலரின் வலிக்கும் அவர் எக்ஸ்ரேயைத் தேடிப் போனார்.

மலருக்கு இருபத்துநான்கு வயது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. இடது மார்பில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், வலி. மாதவிலக்குக்கு முன்னாலும் இருந்தது, முடிந்த பிறகும் இருந்தது. கம்பெனி வேன் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பையை மார்போடு அணைத்துக்கொள்வாள். ஒருநாள் குளிக்கும்போது அங்கே கோலிக்குண்டு போல ஏதோ தட்டுப்பட்டது. பயந்துபோய் அம்மாவிடம் சொன்னாள். அம்மா வெட்கத்தை விழுங்கிக்கொண்டு சாமுவேலிடம் சொன்னாள்.

"நுரையீரலுக்குள்ள கெடக்கிற தூசியையே காட்டற படம்," என்றார் அவர். "மேலால இருக்கறத காட்டாதா?"

பாவம், அவருக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர் பக்கத்து அடுகோடியில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் நாணு.

டாக்டர் நாணு மலரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எத்தனை நாளாக வலி என்று சாமுவேலிடம் கேட்டார். சாப்பாடு சரியா, தூக்கம் சரியா, எல்லாம் சாமுவேலிடம்தான். வலிப்பவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு வாய் இல்லையா? கட்டி மாதிரி இருக்கிறது என்று அவளாகச் சொன்னதற்கு, வயசுப் பெண்ணுக்கு அப்படித்தான் இருக்கும் என்றார். நர்ஸைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டுத் தொட்டுப் பார்த்திருக்கலாம். கூச்சமென்றால் ஒரு லேடி டாக்டரிடம் அனுப்பியிருக்கலாம். இரண்டும் செய்யாமல், அப்பன் கேட்டான் என்று நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்தார்.

"ஒண்ணுமில்ல பெரியவரே. சீக்கிரம் ஒரு கல்யாணத்த பண்ணிடுங்க, வலியெல்லாம் ஓடிப்போயிடும்."

அன்று மாலை சாமுவேல் படத்தை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. அவர் முகத்தில் வந்த நிம்மதியைக் கெடுக்க மலருக்கு மனம் வரவில்லை. வலியை வாயில் போட்டு மூடிக்கொண்டாள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். கோலிக்குண்டு அங்கேயே இருந்தது.

கம்பெனியில் பக்கத்து சீட்டு யசோதாவுக்கும் மார்பு வலி வருவதுண்டு. அவளுக்கு இரண்டு பக்கமும் மாதவிலக்குக்கு முன்னால் கனத்து வலிக்கும், வந்ததும் போய்விடும். ஸ்கேன் எதுவும் தேவையில்லை என்று டாக்டர் சங்கமித்ரா அவளை அனுப்பிவிட்டாராம்.

"எனக்கும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க," என்றாள் மலர்.

"என்னைய நல்லா தொட்டுப் பாத்துட்டு இல்லன்னாங்க. உன்ன யாருடி தொட்டுப் பாத்தது?"

அந்தக் கேள்வி மலரைச் சுட்டது. மறுநாளே அம்மாவை இழுத்துக்கொண்டு சங்கமித்ராவிடம் போனாள். அவர் அம்மாவை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக மலரிடமே கேட்டார். பிறகு கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் நிதானமாகத் தடவிப் பார்த்தார். எக்ஸ்ரே உறையை மலர் நீட்டியபோது அவர் மேலே எழுதியிருந்ததைப் படித்ததோடு சரி, அதைப் பிரிக்கவே இல்லை.

"இது நுரையீரல் படம்மா. உன் கட்டிய இதுல தேட முடியாது. மாசாமாசம் ரெண்டு பக்கமும் வந்து போற வலி, கட்டி ஒண்ணுமில்லன்னா, உன் வயசுல படம் வேணாம். உன்னுது ஒரே எடத்துல நிக்குது, கைக்கும் தட்டுப்படுது. அல்ட்ராசவுண்ட் எடுத்தே ஆவணும்."

எடுத்தார்கள். ஊசி குத்தியும் சோதித்தார்கள். முடிவு வரும்வரை அம்மா சர்ச்சில் முழங்காலிலேயே கிடந்தாள். ஆபத்தில்லாத கட்டி, அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்று சொன்னார்கள்.

சாமுவேலுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, நம்ம படம் அன்னிக்கே சொல்லிச்சி."

இத்தனை நாள் அடக்கிவைத்ததை மலர் அன்று கொட்டிவிட்டாள்.

"அது ஒண்ணும் சொல்லலப்பா. அது பாக்கவேயில்ல. புத்துநோயா இருந்திருந்தாலும் இதே படந்தான் வந்திருக்கும். நீயும் இதே மாதிரி லைட்டுல புடிச்சிப் பாத்து சிரிச்சிருப்ப."

சாமுவேல் படத்தை உறையிலிருந்து எடுத்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அந்த டாக்டருக்கு இது தெரியுமா?"

"தெரியாம எப்பிடிப்பா டாக்டரானாரு?"

மறுநாள் காலை அவர் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, எக்ஸ்ரேயைக் கக்கத்தில் இடுக்கி, மலரையும் அழைத்துக்கொண்டு அடுகோடிக்குப் போனார். காத்திருந்தவர்களைத் தாண்டி உள்ளே நுழைந்து படத்தை மேஜைமேல் வைத்தார்.

"எம் பொண்ணு வலி எங்கன்னு சொன்னா. நீங்க எங்க பாத்தீங்க?"

டாக்டர் நாணு கதவைப் பார்த்தார். வெளியே பெஞ்சில் பேச்சு நின்றிருந்தது. குரலைத் தாழ்த்தி, உட்காருங்கள் பெரியவரே என்று ஆரம்பித்தார்.

"என்னப் பாக்காதீங்க சார்," என்று சாமுவேல் ஒதுங்கி நின்றார். "அவளப் பாத்து சொல்லுங்க."