மீன் விடாத தொட்டி

ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோன பிறகு, அதற்கென்று வெள்ளையடித்து வைத்திருந்த அறையை மனைவி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான கணவன்தான் ஒருநாள் கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து அங்கே வைத்தான். மண் பரப்பி, செடிகளை ஊன்றி, தண்ணீர் நிரப்பினான்.

“உடனே மீன் விட்டா ஒண்ணுகூடத் தங்காது. அழுக்கைத் தின்னுற கிருமி வளர்ந்து தண்ணி பக்குவமாகணும், பொறுங்க” என்று சொல்லி மீன்கடைக்காரர் அந்தக் கிருமிக்கு இரையாக அம்மோனியாவும், தண்ணீரைச் சோதிக்கும் மருந்தும் கொடுத்தார்.

அவன் தினமும் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மருந்து கலந்த தண்ணீரின் நிறத்தைப் பார்த்துச் சோதித்தான். சாப்பிடும்போது அதை மனைவியிடம் சொல்வான். அவள் “ம்” என்பாள், அவ்வளவுதான். ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது, தொட்டியில் அழுகியிருந்த இலைகளை யாரோ கிள்ளி எடுத்திருந்தார்கள். வீட்டில் இருந்தது அவள் ஒருத்திதான்.

ஆறாவது வாரம் தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் துளியும் இல்லை.

“நாளைக்கு மீன் வாங்கலாம், நீயும் வா” என்றான்.

“தண்ணி சரியாயிடுச்சுன்னு நிச்சயமாத் தெரியுமா?”

“மூணு நாளாப் பார்த்துட்டேன், எல்லாம் சரியா இருக்கு.”

“டாக்டரும் அப்படித்தாங்க சொன்னாரு” என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். “செடி மட்டும் இருக்கட்டும்.”

“சரி” என்றான்.

மறுநாள் மீன்கடை வழியாகத்தான் வேலைக்குப் போனான். கடைக்காரர் கையை உயர்த்தினார். அவன் பார்க்காததுபோலக் கடந்து போனான்.