ஆணி விதைத்த இடம்

மூடிப்போன சுரங்கத்தின் மண்மேட்டுக்குக் கீழே வேன் வந்து நின்றபோது பதினொரு பேரும் வரிசையில் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பழைய மெட்டல் டிடெக்டர். அக்காவுடையதுதான் எல்லாவற்றிலும் கிழடு. பிடி முழுக்க டேப், ஹெட்போனில் பஞ்சு போய் ஆறு வருஷம். அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சுரங்கம் மிச்சம் வைத்த தங்கத்தைத் தரையில் தேடி வயிறு வளர்ப்பவர்கள் இவர்கள்.

கம்பெனி அதிகாரி புது ஷூவில் மண் படாமல் இறங்கிப் பெட்டியைத் திறந்தார்.

"இனிமே காதைத் தீட்டிக்கிட்டு நடக்க வேணாம். மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு படமாவே காட்டும். தங்கம்னா மஞ்சள், இரும்புன்னா சாம்பல். இன்னும் அஞ்சு வருஷத்துல எல்லார் கையிலயும் இதுதான் இருக்கும்."

"என்ன விலை?" என்று கேட்டான் அக்காவின் தம்பி.

"சும்மாதான். ரெண்டு நாள் வச்சுப் பாருங்க. பிடிச்சா அப்புறம் பேசிக்கலாம்."

"சும்மா குடுக்கிறவன் மூஞ்சியா இது?" என்று தம்பி அவள் காதைக் கடித்தான். ஆனால் முதல் ஆளாகப் போய்த் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டவனும் அவன்தான். கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்து நாலு பக்கத்துக்கு ஓடியது. அதைப் படிக்க யாருக்குப் பொறுமை?

புது மெஷினைக் கையில் வாங்கியவர்களுக்கு ஒரே சந்தேகம்தான் வரும்: இது மெய் சொல்லுமா, பொய் சொல்லுமா? தங்கம் இருப்பது தெரிந்த இடத்தில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அக்காவுக்கு அப்படி ஓர் இடம் இருந்தது. இந்தக் கோடைத் தொடக்கத்தில், ஓடைக்கு மேற்கே, பழைய மெஷின் தங்கத்துக்கே உரிய குரலில் அவள் காதில் மெல்லக் குழைந்தது. முழங்கை ஆழத்துக்கும் கீழே என்று அவள் கணித்தாள். அந்த ஆழத்து மண் கடப்பாரைக்கும் அசையாது. மழை விழுந்து இளக வேண்டும். முதலில் பதிந்தவருக்குத்தான் தோண்டும் உரிமை; பதிவு அலுவலகத்தில் இடத்தைத் தன் பேரில் எழுதி வைத்திருக்கலாம்தான். ஆனால் எழுதினால் பலகையில் ஒட்டுவார்கள், ஒட்டினால் மழை விழுந்த ராத்திரியே அத்தனை பேரும் திருட்டுத்தனமாய் அங்கே வந்து நிற்பார்கள். அதனால் இவர்கள் வழக்கப்படி மேலே துரு ஆணிகளை விதைத்தாள். கடந்து போகிறவன் ஹெட்போனில் இரும்பு கத்தும். குப்பை என்று காறித் துப்பிவிட்டுப் போவான். அன்று ஆணி போதாமல் வீட்டுக்கு ஓடி, குளியலறைக் கதவின் கீலையே கழற்றிக்கொண்டு வந்து புதைத்தாள். அந்தக் கதவு இன்னும் கயிற்றில்தான் நிற்கிறது.

சுரங்கத் தூசி கணவனின் நுரையீரலை அரித்துவிட்டிருந்தது. மழைக்காலம் முடிந்த கையோடு ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள். அவள் நம்பியிருந்தது அந்த ஓர் இடத்தைத்தான்.

ஊரைச் சுற்றிக்கொண்டு, நாலு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு அங்கே போனாள். மெஷினைத் தாழ்த்தினாள். திரையில் ஆணிகள் சாம்பல் புள்ளிகளாக வந்தன. கீல்கூட அச்சு அசலாகத் தெரிந்தது. அதற்கும் கீழே உள்ளங்கை அளவுக்கு மஞ்சள்.  அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ளங்கை அளவுங்க!" என்றாள் வீட்டில், குரலைத் தாழ்த்தி.

கணவன் மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னான்: "அப்ப... கதவுக்குத் தங்கத்துலயே... கீல் போட்டுடுவோம்."

இருவரும் சிரித்தார்கள். அவனுக்கு இருமல் வந்து சிரிப்பு பாதியில் நின்றது.

மறுநாள் சாயங்காலம் மெஷினைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். ரொம்ப நன்றி என்றுகூடச் சொன்னாள்.

அதற்கு அடுத்த காலை மேட்டில் ஏறியவள் அப்படியே நின்றாள். ஓடைக்கு மேற்கே நாலு இரும்புக் கம்பம், சுற்றிலும் கம்பி வேலி, கம்பெனிப் பலகை. ஆணி விதைத்த இடம் சரியாக நடுவில் இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பினால் இடிந்த சுவர் ஓரம் ஒரு வேலி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இன்னொன்று. எண்ணிப் பார்த்தாள். பதினொன்று.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். தன்னிடம் அப்படி எந்த இடமும் இல்லை என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன்.

"உனக்கும் இருந்துச்சாடா?"

"உனக்கு இல்லியாக்கா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

போய்க் கேட்டபோது அதிகாரி கோபப்படவே இல்லை. "நாங்க யாரையும் ஏமாத்தலை. நீங்க எங்க நின்னீங்க, கீழே என்ன இருக்குன்னு மெஷின் அப்பப்ப அனுப்பிடும். கையெழுத்துப் போட்டிருக்கீங்களே! நேத்து மத்தியானமே எங்க பேர்ல பதிவு பண்ணியாச்சு. எந்த ஊர்ல குடுத்தாலும் முதல் வேலையா எல்லாரும் தான் ஒளிச்சு வச்ச இடத்துக்குத்தான் போறாங்க."

நேற்று மத்தியானம். அவள் நன்றி சொன்னது சாயங்காலம்.  

"ஒரு வேலை இருக்கு" என்றார் அவர். "தோண்டுற வண்டி வர்றதுக்குள்ள மேல கிடக்கிற இரும்பைப் பொறுக்கணும். தினக்கூலி. எது எங்க கிடக்குன்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

அவள் ஆஸ்பத்திரித் தேதியை நினைத்துக்கொண்டாள். வேலிக்குள் போய்க் குனிந்தாள். சிறு கடப்பாரையால் மேல்மண்ணைக் கொத்தி ஒவ்வோர் ஆணியாக எடுத்து வாளியில் போட்டாள். அடுத்த வேலிக்குள் தம்பி குனிந்திருந்தான். கடைசியாகக் கீல் வந்தது. மண்ணை ஊதித் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அதையும் வாளியில போடுங்க" என்றான் வேலிக்குக் காவல் நின்றவன். "வேலிக்குள்ள இருக்கிறது எல்லாம் கம்பெனியோடது."

"இது எங்க வீட்டுக் கதவோட கீலுங்க."

அவன் வாளியை அவள் பக்கம் நீட்டிப் பிடித்தபடி நின்றான்.