மைனஸ் அஞ்சு

ஏடிஎம் அறைக்குள் குமாரவேல் இரண்டு கைகளையும் அகட்டி வைத்துக்கொண்டு நின்றார். வெளியே சித்திரை வெயில் சாலையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கழுத்து வரை ஜிப் போட்ட கறுப்பு ஜாக்கெட்டும் கீழே வேட்டியுமாக ஒரு மனிதர் நிற்பதைப் பார்த்து, பணம் எடுக்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆஸிமின் துணிக்கடையில் இது வழக்கம். ஜாக்கெட் வாங்க வருகிறவரை அதைப் போட்டுக்கொண்டு பக்கத்துக் கட்டடத்து ஏடிஎம்மில் போய் நின்றுவிட்டு வரச் சொல்வான். காஞ்சிபுரத்தில் குளிர் என்று ஒன்று கிடைப்பது அங்கேதான். போனவர்கள் எல்லோரும் வியர்த்துப்போய்த் திரும்பி வருவார்கள். அதற்குப் பிறகு பேரம்கூடப் பெரிதாக இருக்காது.

குமாரவேலும் வியர்வையைத் துடைத்துக்கொண்டேதான் வந்தார். "அப்பப்பா, அடுப்பாண்ட உக்காந்தா மாதிரி இருக்குது பாய்."

"மைனஸ் அஞ்சு வரைக்கும் தாங்கும்ணா," என்றான் ஆஸிம்.

கடை போட்ட நாளிலிருந்து அவன் சொல்லி வருவது அது. ஊட்டிக்குப் போகிற காலேஜ் பையன்களிடம் சொல்லியிருக்கிறான். ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் ஏசி காற்று நேராக மண்டையில் அடிக்கிறது என்று வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறான். மார்கழியில் பைக்கில் சுற்றுகிறவனுக்கு மைனஸ் அஞ்சானால் என்ன, ஐம்பதானால் என்ன? பாரிமுனையில் மொத்தமாக வாங்கும்போது எந்த டேக் கேட்டாலும் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். உப்பலாகத் தெரியும் அந்த ஜாக்கெட்டுக்குள் இருப்பது அப்பளம் கனத்தில் ஒரு ஸ்பாஞ்சு. பார்க்க எடுப்பாக இருக்கும், போட்டோவில் தோள் அகலமாக விழும், அவ்வளவுதான். இந்த வருஷம் பையன்கள் எல்லோரும் ஹூடிக்குத் தாவிவிட்டதால் அந்த லாட் அப்படியே தேங்கிக் கிடந்தது.

குமாரவேல் போவது ஊட்டிக்கு அல்ல, கேதார்நாத்துக்கு. பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கிறவர். கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே மனதில் வைத்திருந்த யாத்திரை. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒன்று தடுத்துவிடும், இந்த வருஷம்தான் கூடி வந்தது. கூட வந்திருந்த அவர் மனைவி மங்கையர்க்கரசி ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஹரித்துவார்லயே நல்ல கம்பளிக் கோட்டு விக்கிறாங்களாமே பாய். அங்க போயி வாங்கிக்கலாமா?"

வாங்கிக்கொள்ளுங்கள் என்று அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வியாபாரியின் நாக்கு அவன் மனசுக்கு முன்னாலேயே கிளம்பிவிடுகிறது.

"பாஷ தெரியாத ஊரு, அக்கா. ஏமாத்திடுவாங்க."

குமாரவேல் அதைக் கேட்டுத் தலையாட்டினார். "புடவன்னா நான் சொல்லுவேன். இதெல்லாம் பாய்க்குத்தான் தெரியும். அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும், கட்டச் சொல்லு," என்றார். ஆஸிம் ஒரு ஜோடி கையுறையைச் சும்மாவே பையில் போட்டுக் கொடுத்தான்.

ஹரித்துவாரிலிருந்து போட்டோ வந்தது. கங்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஜாக்கெட் போட்டு, கட்டை விரலை உயர்த்தி நின்றிருந்தார். 'எல்லாரும் இங்கே கம்பளி வாங்கினாங்க. நம்ம பாய் குடுத்தது இருக்குதுன்னு நான் வாங்கல' என்று கீழே எழுதியிருந்தார். ஆஸிம் அதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தான். உடனே கூப்பிட்டு, போய் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்ற யோசனையிலேயே பொழுது போனது. கடைசியில் ஒரு கும்பிடு போட்ட கை படத்தை மட்டும் அனுப்பினான்.

மறுநாள் டிவியில் பனியைக் காட்டினார்கள். கோயிலைச் சுற்றி வெள்ளையாகக் கொட்டிக் கிடந்தது, கழுதைகள்கூட நகர மறுத்து நின்றன. குமாரவேலின் எண்ணைக் கூப்பிட்டால் தொடர்பு கிடைக்கவில்லை. ஆஸிமுக்குச் சோறு இறங்கவில்லை. என்ன என்று அவன் மனைவி அஞ்சும் கேட்டாள். சொன்னான். அவள் கடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருகிறவள், அந்த லாட்டைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

"தௌபா! உங்க கூடப் பொறந்தவங்க யாராச்சும் அங்க போனா அதத்தான் மாட்டி அனுப்புவீங்களா?"

"அவரா வந்து கேட்டாரு."

"அவரு கேட்டது குளிர் தாங்குற கோட்டு."

சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருக்கலாம். அவர் உயிரோடு வந்தால் போதும் என்று ஆஸிம் தொழுகையில் துவா கேட்டான். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது. செய்வதைச் செய்துவிட்டு மிச்சத்தை அல்லாவின் தலையில் போடுகிறவனை அவனுக்கே பிடிக்காது.

உயிரோடு வந்துவிட்டார் என்று ஏடிஎம் வாட்ச்மேன் சொல்லித் தெரிந்துகொண்டான். அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டான். ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் வீண் பயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கொஞ்ச நாளில் சொல்வதும் நின்றுவிட்டது. அப்படி இருக்கும்போதுதான் குமாரவேல் கடைக்கு வந்தார். பின்னால் மங்கையர்க்கரசியும், அவர்கள் தெருவிலேயே இருக்கும் பரசுராமன் என்ற பெரியவரும் வந்தார்கள்.

குமாரவேல் இளைத்திருந்தார். அஞ்சுமுக்கு என்று ஹரித்துவாரில் வாங்கிய உலர்ந்த திராட்சைப் பொட்டலத்தை மேசையில் வைத்தார். "இவரு அடுத்த மாசம் கேதாரத்துக்குப் போறாரு பாய். வேற எங்கயும் போவாத, பாய்கிட்ட வாங்குன்னு நான்தான் கூட்டிக்கினு வந்தேன்."

"சாமி நல்லா பார்த்தீங்களாணா?"

குமாரவேல் திரும்பி, தொங்கிக்கொண்டிருந்த சட்டைகளைப் பார்த்தார். மங்கையர்க்கரசிதான் சொன்னாள். "எங்க பார்த்தாரு? பாதி மலையிலயே கை காலு வெறச்சிப் போச்சி. ஒதடு நீலமாயி, வாய் கொழறி, முகாம் டாக்டரு கீழ எறக்கி உட்டுட்டாரு. கூடப் போனவங்க அத்தினி பேரும் பார்த்துட்டு வந்தாங்க, இவரு ஒருத்தர்தான் பாக்கல. வந்ததுலேருந்து தறியில உக்கார மாட்டேன்றாரு பாய். ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் வர்றதில்ல. சாமியே போடான்னு சொல்லிட்டாரு, எந்த மூஞ்சிய வச்சிக்கினு போறதுன்றாரு."

"கோட்டு மேல கொற சொல்லக் கூடாது," என்றார் குமாரவேல். "அது நல்ல கோட்டு. மைனஸ் அஞ்சு தாங்குற கோட்டப் போட்டும் இந்த ஒடம்பு தாங்கல பாரு. எனக்குக் கொடுப்பின இல்ல. என்னா பாவம் பண்ணனோ."

இதற்குள் பரசுராமன் கொக்கியிலிருந்து தானே ஒரு ஜாக்கெட்டை எடுத்து ஒரு கையை நுழைத்துவிட்டார். இன்னொரு கைக்கு உதவி வேண்டி ஆஸிமைப் பார்த்தார். ஆஸிம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. சும்மா இருந்துவிடலாம், பெரியவரிடம் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி இந்த சைஸ் இல்லை என்று அனுப்பிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அந்த யோசனை வந்ததே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"அண்ணா, அது குளிர் தாங்காது," என்றான். "உள்ள வெறும் ஸ்பாஞ்சு. மைனஸ் அஞ்சுன்றது நான் வியாபாரத்துக்குச் சொன்னது. உங்களுக்கு விக்கும்போதே எனக்குத் தெரியும்."

மங்கையர்க்கரசியின் முகம் சிவந்தது. "அங்க வாங்கிக்கலாமான்னு நான் கேட்டனே பாய்," என்றாள். ஆஸிம் தலையைக் குனிந்துகொண்டான். குமாரவேல் கன்னத்தில் ஓர் அறை விட்டால் நன்றாக இருக்கும், நாலு பேர் முன்னால் விட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தான்.

குமாரவேல் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். "அப்ப கொற கோட்டுலதானா?"

"ஆமாண்ணா."

"நல்ல கோட்டா இருந்தா நான் மேல போயிருப்பேன். இல்ல பாய்?"

"போயிருப்பீங்கணா."

"அப்ப சாமி என்ன வேணாம்னு சொல்லல," என்றார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. பரிசு வாங்கியதைக் காட்ட ஓடிவரும் குழந்தையின் சிரிப்பு அது, ஆஸிமால் அதைப் பார்க்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய மனைவியின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். "கேட்டியாடி? பாய், இன்னொரு வாட்டி சொல்லு. இவளுக்குக் கேக்குற மாதிரி சொல்லு பாய்."

மங்கையர்க்கரசி முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டு நின்றாள். ஆஸிம் வாயைத் திறந்தான். அவர்களுக்குப் பின்னால் பரசுராமன் நுழைத்த கையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். ஜாக்கெட் அவர் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, உள்பக்கம் வெளியே தெரிய, தரையில் தொங்கியது.