காலுக்கு வந்த பணம்

பஞ்சாட்சரம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் வந்து இறங்கியபோதே ஜெயம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் புருஷன் வேடியப்பனுக்குக் கால் போனது எண்பத்தொன்றாம் வருஷம். ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காத மனுஷன், திருப்பத்தூர் கோர்ட்டில் நஷ்டஈடு தீர்ப்பாகிவிட்டது என்று காதில் விழுந்ததும் சந்தவாசலிலிருந்து ஜீப் பிடித்து மலையேறி வந்திருக்கிறார். பழமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. இதற்குக்கூட நல்லதாகப் பார்த்து வாங்க மனசு வரவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

புளி பூக்கும்போதே மலைக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, பழுத்ததும் தான் சொன்ன விலைக்கு எடுத்துப்போவது பஞ்சாட்சரத்தின் வியாபாரம். வேடியப்பனின் அப்பா காலத்தில் தொடங்கிய அந்தக் கடன் தீர்ந்ததேயில்லை. கால் போனதும் அவருடைய புளியால்தான். வாடகை லாரியில் மூட்டைகளுக்குக் காவலாக மேலே உட்கார்ந்து போன வேடியப்பன், வளைவில் லாரி சாய்ந்தபோது அடியில் சிக்கிக்கொண்டான். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். லாரிக்காரன் மேல்தான் வழக்கு. மண்ணில் சிந்திப்போன புளிக்கு விலை போட்டு, அதையும் வேடியப்பனின் கடனோடு சேர்த்துவிட்டார் பஞ்சாட்சரம். அதைச் சொல்லக்கூட ஆள்தான் அனுப்பினார்.

"இன்னா வேடியப்பா, ஆண்டவன் கண்ணத் தொறந்துட்டான் போல?" என்றபடி வீட்டிலிருந்த ஒரே கட்டிலில் உட்கார்ந்தார். வேடியப்பன் கீழே சுவரோரம் இருந்தான்.

"ஆமாங்க மொதலாளி."

"வர்றதுல நம்ம பாக்கிய முடிச்சுட்டு, மீதிய வச்சிகினு நிம்மதியா இரு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மீதி என்று ஒன்று இருக்காது என்பது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் வேடியப்பன் தலையாட்டினான். அதைப் பார்த்ததும் ஜெயம்மாளின் அருவருப்பில் பாதி புருஷன் மேல் திரும்பியது. காலை இழந்த மனுஷனுக்குக் கழுத்து மட்டும் எவ்வளவு சுலபமாக ஆடுகிறது.

"குடுக்க முடியாதுங்க," என்றாள்.

பஞ்சாட்சரம் அவள் பக்கம் திரும்பவேயில்லை. "பொம்பளைய இன்னாத்துக்குடா இதுல பேச வுடற? நான் கோர்ட்டுக்குப் போனா மொத்தத்தையும் ஜப்தி பண்ணிடுவேன், தெரியுமில்ல?"

"வக்கீலாண்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்," என்றாள் ஜெயம்மாள். "பணம் கைக்கு வந்துட்டா கடன் குடுத்தவங்க கேஸு போடலாம்னாரு. போடுங்க. ஆனா ஜட்ஜி எதுருல நின்னு எதெதுக்குக் கடன்னு நீங்கதான் சொல்லணுமாம். இவரு காலு மேல கவுந்த புளிக்கும் சேத்துத்தான்னு உங்க வாயாலயே சொல்லுங்க. கேக்கறதுக்கு நானும் வர்றேன்."

சந்தையில் விலை படியாதபோது சுருங்குவதுபோல அவர் முகம் சுருங்கியது. அதில் துளி வெட்கமாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். காணோம்.

"வர்ற வருஷம் முன்பணத்துக்கு யாராண்ட போயி நிப்பீங்க?"

ராத்திரியெல்லாம் அவளும் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி அது.

"வாங்கின கடனுக்கு மரத்துல காய்க்கறதுல கழிச்சிக்கோங்க," என்றாள். "காலுக்கு வந்ததத் தொடாதீங்க."

பஞ்சாட்சரம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் எழுந்தால் எதிரே இருப்பவனும் எழுந்து கைகட்டி நிற்க வேண்டும். மலையில் அப்படித்தான் பழக்கம். வேடியப்பனின் கை தானாகச் சுவரைப் பற்றியது. இருக்கிற காலை மடக்கி ஊன்றினான்.

"குந்து," என்றாள் ஜெயம்மாள் புருஷனிடம்.

வாசற்படிவரை போன பஞ்சாட்சரம் திரும்பி நின்றார். வெளியே டிரைவர் ஜீப்பை ஸ்டார்ட் செய்தான். அவன் எழுந்து நிற்கட்டும் என்று அவர் நகரவில்லை. வேடியப்பன் பாதி எழுந்தவாக்கில், சுவர் மண் விரலிடுக்கில் உதிர, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.