போடியாரின் வலது தொடை

உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே அறுபது ஏக்கர் வயல் வைத்திருந்த கதிர்காமத்தம்பிப் போடியாருக்கு, நாற்பத்தெட்டு வயது வரைக்கும் தனக்கு முழங்கால் என்று ஒன்று இருப்பதை நினைத்துப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு மாரி விதைப்பின்போதுதான் அது வந்தது. வரம்போரம் குந்தியிருந்து முளை வந்திருக்கிற அழகைப் பார்த்துவிட்டு எழும்பப் போனவருக்கு வலது முழங்கால் ‘கடக்’ என்றது. அதோடு நீள மறுத்துவிட்டது. குந்திய கோலத்திலேயே வேலைக்காரர் நான்கு பேர் அவரைச் சாமி தூக்குவதுபோலத் தூக்கி வண்டியில் வைத்தார்கள்.

“சிரிக்கிறவன் நாளைக்கு வேலைக்கு வரத் தேவல்ல” என்று வண்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை, வண்டி வளைவு திரும்பும் வரைக்கும்.

ஊர் வைத்தியரான பரியாரி போட்ட எண்ணெய்க் கட்டோடு கால் ஒருவாறு நீண்டது. ஆனால் தனக்கு விருப்பமான நேரத்தில் மறுபடி பூட்டிக்கொண்டது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த மனைவி அன்னப்பூரணி, வண்டி கட்டச் சொல்லி அவரை மட்டக்களப்பு ஆசுபத்திரிக்கே கொண்டுபோய்விட்டாள்.

டொக்டர் காலை மடக்கியும் திருப்பியும் பார்த்தார். “முழங்காலுக்குள்ள ஒரு சவ்வு கிழிஞ்சிரிக்கு போடியார். ஒப்பிறேசன் செஞ்சு எடுக்க வேணும். ஆனா இப்ப செய்ய மாட்டன்.”

“ஏன் ஐயா?”

“ஒங்கட தொடை சூம்பிப் போச்சு. இப்பிடியே வெட்டினா, மறுகா கால் ஒங்கட பாரத்தத் தாங்காது. முதல்ல ஒரு மாசம் தொடைக்கு வேலை குடுங்க.”

அந்த வேலையைக் காட்டிக் கொடுத்தவள் தாதி திரேசம்மா மிஸ்ஸி. போடியாரின் நெஞ்சு உயரம்கூட இல்லாத சின்ன மனுசி. மல்லாந்து படுக்க வேண்டும். முழங்காலை மடக்காமல் தொடையை இறுக்கிக் காலை ஒரு சாண் தூக்க வேண்டும். பத்து எண்ணும் வரை பிடித்திருந்து மெல்ல இறக்க வேண்டும். காலையில் ஐம்பது, மாலையில் ஐம்பது. பிறகு ஒரு அளவு நாடாவால் அவருடைய தொடையைச் சுற்றி அளந்து, காகிதத்தில் எழுதிக்கொண்டாள்.

“நோவு முழங்கால்ல, தண்டனை தொடைக்கு. இது எந்த ஊர் நியாயம் புள்ள?” என்று திரும்பும் வழியெல்லாம் போடியார் மனைவியைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

நான்கு நாள் ஒழுங்காகச் செய்தார், உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு. ஐந்தாம் நாள், தண்ணீர் திறப்பதைப் பற்றிக் கேட்க வந்த வயற்காரன் இராசதுரை, கதவைத் தள்ளிவிட்டான். உள்ளே போடியார் பாயில் மல்லாந்து கிடந்து, ஒற்றைக் காலைத் தூக்கி, “ஏழு, எட்டு” என்று முகட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இராசதுரை பின்வாங்கினான். பொழுது சாய்வதற்குள், போடியார் காலால் கூரை அளக்கிறார் என்ற கதை வயல் வட்டை முழுக்கப் பரவிவிட்டது.

அதோடு காலுக்கு ஓய்வு கிடைத்தது. கதவு மட்டும் வழமைபோலச் சாத்தப்பட்டது.

“ஐம்பதும் முடிஞ்சுதா?” அடுக்களையிலிருந்து அன்னப்பூரணி கேட்பாள்.

“ஓம், முடிஞ்சு.”

“மறுகா கேட்ட குறட்டை எத்தினை?”

மாத முடிவில் மிஸ்ஸி மறுபடி அளந்தாள். அரை அங்குலம் குறைந்திருந்தது. அவள் ஏசவில்லை.

“இந்த நாடாவுக்கு என்னமோ நடந்திரிக்கு போடியார். நீங்க ஒழுங்காச் செஞ்சிரிப்பீங்க, இது குறைச்சுக் காட்டுது. இரிங்க, வேறொண்டு கொண்டு வாறன்.”

வேறொன்று வந்தது. அதுவும் அரை அங்குலம் குறைத்தே காட்டியது. மிஸ்ஸி அன்னப்பூரணியைப் பார்த்தாள். அன்னப்பூரணி யன்னலைப் பார்த்தாள்.

“இன்னும் ரெண்டு கிழமை” என்றார் டொக்டர். “இந்தமுறை வீட்டில இல்ல. இஞ்ச, எங்கட கண்ணுக்கு முன்னால.”

ஆசுபத்திரி வாட்டில் அடுத்த கட்டிலில் கிடந்தவர் ஏறாவூர்ப் புடவை வியாபாரி அசனார். சைக்கிளால் விழுந்து முழங்காலைக் கெடுத்து, ஒப்பிறேசன் முடிந்து எட்டாம் நாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கட்டுப் போட்ட காலைக் கொடிமரம்போலத் தூக்கி, வாட்டு முழுக்கக் கேட்க எண்ணுவார்.

“போடியாருக்கு எத்தினை?” என்றார் முதல் நாளே.

“பன்னிரண்டு.”

“அல்லாவே! வெட்டின கால் முப்பது தூக்குது, வெட்டாத கால் பன்னிரண்டா?”

போடியாருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. முழத்துணி கிழிக்கிற மனிசன், வயலுழுத காலைப் பார்த்து இப்படிக் கேட்பதா? அன்று மாலை இருபது தூக்கினார். மறுநாள் நாற்பது. அசனார் நாற்பத்தைந்துக்குப் போக, போடியார் ஐம்பதில் போய் நின்றார். மிஸ்ஸி இருவருக்கும் நடுவில் நின்று, இவர் எண்ணிக்கையை அவருக்கும் அவர் எண்ணிக்கையை இவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். சில நேரம் இரண்டு மூன்று கூட்டியும் சொல்லியிருப்பாள். இரண்டு கிழமையில் தொடை முக்கால் அங்குலம் ஏறியது. டொக்டர் கத்தியை எடுத்தார்.

ஒப்பிறேசன் முடிந்த மறுநாள் காலை மிஸ்ஸி வந்து, “இப்ப தொடைய இறுக்குங்க பாப்பம்” என்றாள்.

போடியார் இறுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. பல்லைக் கடித்தார், கட்டிலைப் பிடித்தார், நெற்றி வியர்த்தது. கட்டுக்குள் கால் மரக்கட்டைபோலக் கிடந்தது. தூக்குவது இருக்கட்டும், அசைக்கவே முடியவில்லை. மிஸ்ஸி, “பொறகு பாப்பம்” என்று நகர்ந்ததும் அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனி வரம்பில் நடக்க முடியாதோ என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

அசனார் கோலை ஊன்றி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார்.

“போடியார், ஒண்டு சொல்றன். ஆருக்கும் சொல்லப்படாது. ஒப்பிறேசன் முடிஞ்சு முதல் மூணு நாளும் என்ட கால் ஒரு நூல் எழும்பல்ல.”

“சும்மா சொல்லாதீங்க முதலாளி.”

“அல்லா மேல ஆணை. மிஸ்ஸி தூரத்தில நிக்கக்குள்ள ‘இருவது, இருவத்தொண்டு’ எண்டு சத்தமா எண்ணுவன். அவ கிட்ட வந்து பாத்தா, நான் தூக்கினது புருவம் மட்டும்.”

போடியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிறு குலுங்கியது, குலுங்கினால் கால் நோகுமே என்று பயந்து தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அசையாதீங்க!” வாசலில் நின்ற மிஸ்ஸி ஓடி வந்தாள். “இப்ப செஞ்சதத் திரும்பச் செய்ங்க.”

“சிரிச்சன் மிஸ்ஸி.”

“சிரிப்பில்ல. தொடை! இறுகினது கண்டன்.”

அவர் மறுபடி இறுக்கினார். கொஞ்சம்தான், ஆனால் இறுகியது. நாலாம் நாள் குதிகால் மெத்தையை விட்டு எழும்பியது. அசனார் வீட்டுக்குப் போன அன்று, போடியார் பதினைந்து தூக்கிக் காட்டி வழியனுப்பினார்.

மடக்குகிற வேலை வீட்டில்தான் நடந்தது. கட்டில் விளிம்பில் இருந்து, காலைத் தொங்கப்போட்டு மடக்கி நீட்ட வேண்டும். நோவு உயிர் போகும். முதல் நாள் போடியார் ஆசுபத்திரியை, டொக்டரை, முளையை, குளத்தை எல்லாம் ஏசினார். எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருந்த அன்னப்பூரணி அமைதியாகச் சொன்னாள்: “ஏசினா ஒண்டிலயிருந்து.”

“இருவத்தாறு முடிஞ்சு புள்ள!”

“ஒண்டு.”

மூன்றே நாளில் அந்த வீட்டில் ஏச்சுச் சத்தம் அடங்கிப்போனது. வேலைக்கு வந்தவர்கள், போடியாருக்குக் காலோடு சேர்த்துத் தொண்டையிலும் ஒப்பிறேசன் நடந்ததோ என்று பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் மடக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. “வாழைச்சேனையில ஒன்ட தங்கச்சிட மகள்ற கலியாணம் இந்தக் கிழமையெல்லோ?”

“முந்தநாள் முடிஞ்சு.”

“போகல்லயா?”

“போனா ஆரு எண்ணுற?”

போடியார் மறுபடி காலை மடக்கினார். ஐம்பதோடு நிறுத்துகிறவர், அன்றைக்கு அறுபது வரை போனார்.

அறுவடைக்கு அவர் தன் காலிலேயே களத்துக்கு நடந்தார். கதிர்ச் சூடு மிதித்து நெல் வீடு வந்ததும், மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாழைச்சேனைக்குப் போய்ப் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்தார். பந்தியில் எல்லோருக்கும் பாய் விரித்தபோது, தனக்கு உட்கார ஒரு கதிரை வேண்டும் என்றார்.

“பாத்தியா அக்கா, அத்தாருக்கு இன்னும் போடியார்ப் பெருமை போகல்ல” என்றாள் தங்கச்சி.

“பெருமையில்ல புள்ள, முழங்கால். குந்தப்படாதெண்டு டொக்டர் சொல்லிரிக்கார்” என்றாள் அன்னப்பூரணி.

போடியார் தலைகுனிந்து சாப்பிட்டார். இரண்டாம் முறையும் சோறு வாங்கினார். முடிந்ததும், கை கொடுக்க ஓடிவந்த மாப்பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தானாகவே எழும்பிக் கை கழுவப் போனார்.