மூன்று பருத்தி உள்சட்டைகள்

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, பக்கத்து வீட்டு ரைகான் உப்புக் கேட்டு வந்த அன்று. அவள் மேல் கோட்டைக் கழற்றி அடுப்புக்கு அருகில் உட்கார்ந்தாள். உள்ளே சாம்பல் நிறக் கம்பளி ஸ்வெட்டர். கழுத்தருகே ஆட்டுக்கொம்பு போல வளைந்த பின்னல் வேலை. "நல்லா சூடா இருக்குடி. உன் மாமியா கையே கை" என்றாள். நான் உப்பை அளந்து கொடுத்தேன். அவள் போன பிறகு, நான் வேலை பார்க்கும் ஊர் நூலகத்தின் பதிவேட்டுப் பின்பக்கத்தில் முதல் வரியை எழுதினேன்.

அந்த வரி இது: "கம்பளியை வெறுத்த ஒருத்தி ஆட்டு மந்தைக்காரர் வீட்டில் பிறந்தாள்." படித்துப் பார்த்தேன். கெட்டிக்காரத்தனமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

அடுத்தது: "என் நாத்தனார் இறந்து ஆறு குளிர்காலம் ஆகிறது. அவள் இறந்ததற்குக் காரணம்" (இங்கே நிறுத்தினேன்.)

அவள் பெயரை மாற்றியிருக்கிறேன். உண்மைப் பெயருக்கு எங்கள் மொழியில் 'குளிர்ச்சி' என்று பொருள். கோடையில் பிறந்த பெண்ணுக்கு ஆசையாக வைத்த பெயர். அதை அப்படியே எழுதினால் நான் இட்டுக்கட்டியதாக நினைப்பீர்கள். ஆகவே இந்தக் கதையில் அவள் துமார்.

2

மலைநாட்டில், நாரின் ஆற்றின் மேல்பக்கத்தில் எங்கள் ஊர். ஆறு மாதம் பனி. இங்கே துணி என்றால் முதலில் கம்பளி, பிறகுதான் மற்றதெல்லாம். துமாருக்குக் கம்பளி ஆகாது. கம்பளி மட்டுமில்லை. சட்டையின் தையல் உடம்பில் படக்கூடாது என்பதால் எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித்தான் போடுவாள். கடைத்துணியின் கழுத்துச் சீட்டை ஆட்டு மயிர் கத்தரிக்கும் கத்திரியால் வெட்டி எறிவாள். அவளிடம் மூன்று பருத்தி உள்சட்டைகள் இருந்தன. இறந்துபோன அப்பாவுடையவை. துவைத்துத் துவைத்து வெங்காயத் தோல் மாதிரி ஆனவை. குளிர்காலத்தில் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே பஞ்சு வைத்துத் தைத்த பழைய ஜாக்கெட். அவ்வளவுதான்.

"குடலை வெளிய போட்டுக்கிட்டு வர்றா பாரு" என்று பெண்கள் சிரிப்பார்கள். திருப்பிப் போட்ட துணி அடி வாங்கித் தரும் என்பது இங்கே நம்பிக்கை.

வாசகரே, நீங்கள் அவளை நோஞ்சான் என்றோ செல்லமாக வளர்ந்தவள் என்றோ நினைத்தால் அது என் எழுத்தின் குறை. எருமை போன்ற யாக் மாட்டைக் கயிறு போட்டு நிறுத்துவாள். அது உதைத்துத் தொடை கறுத்தபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுப்பிலிருந்து ரொட்டியைக் கையாலேயே எடுப்பாள். வலி அவளுக்குப் பொருட்டில்லை. தையல்தான் பொருட்டு.*

* நானும் சந்தேகப்பட்டேன். 'நடிக்கிறாளோ' என்று முதல் இரண்டு வருடம் நினைத்தேன். நாக்குக்கு ருசி உண்டு என்று ஒப்புக்கொள்கிறோம். ஒருவனுக்கு ஆட்டு வால் கொழுப்பு பிடிக்கவில்லை என்றால் அடுத்தவன் தட்டுக்குத் தள்ளிவிட்டுப் பேச்சைத் தொடர்கிறோம். தோலுக்கும் அப்படி உண்டு என்றால் மட்டும் திமிர் என்கிறோம்.

ஒரு தடவை கேட்டேன்.

"எப்படித்தான் இருக்கும், சொல்லேன்."

அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். விரலில் ஒட்டிய மாவை வழித்தாள்.

"பக்கத்து ரூம்ல யாரோ என்னைப் பத்திப் பேசிக்கிட்டே இருக்கற மாதிரி அண்ணி. நிறுத்தவே மாட்டாங்க. அந்தச் சத்தத்துல வேற எதையும் யோசிக்க முடியாது."

"எல்லாருக்கும்தான் கொஞ்சம் அரிக்கும். பழகிடும்."

"உங்களுக்குப் பழகுது. எனக்கு ஏறிக்கிட்டே போகுது."

3

[இந்தப் பகுதியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் இது இல்லாமல் என் மாமியார் புருல் ஏன் அந்த ஸ்வெட்டரைப் பின்னினார் என்பது விளங்காது.]

இருபத்து மூன்று வயதில் துமாரை அடுத்த பள்ளத்தாக்கில் கொடுத்தார்கள். மணப்பெண்ணுக்குத் தலைத்துணி கட்டினார்கள். சரிகை மின்னும் வெள்ளைத் துணி, விலை கூடியது. மாமனார் முன்னால் அதைக் கழற்றக் கூடாது. மூன்று நாள் தாங்கினாள். நாலாம் நாள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் கிண்ணத்தை வைத்துவிட்டு, தலைத்துணியை உருவி மடியில் போட்டாளாம். நெற்றி ஓரம் சொறிந்து ரத்தம் கட்டியிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை, மூடாத தலையைத்தான் பார்த்தார்கள்.

பதினோராம் நாள் அந்த மாமியாரே காரில் கொண்டுவந்து விட்டார். வாசல் தாண்டி உள்ளே வரவில்லை.

"பொண்ணு நல்ல பொண்ணுதான் சம்பந்தி. எங்க வீட்டுத் துணிதான் அவளுக்கு ஆகல" என்றார்.

புருல் அத்தை தன் மகளைத் திட்டவில்லை. அந்த வசந்தத்தில் குட்டி ஆடுகளின் கழுத்தடி மயிரை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். வெள்ளாட்டின் அடிமயிரைச் சீப்பால் வாரிச் சேர்த்தார். மோர்த்தண்ணீரில் ஊறவைத்து அலசினார். முள் முள்ளாக நீட்டிய மயிரை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நாலு மாதம். உலகத்திலேயே மெத்தென்ற ஸ்வெட்டர் அது. நான் கன்னத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

துமார் போட்டாள். ஒரு கிண்ணம் தேநீர் குடித்து முடியும்வரை போட்டிருந்தாள். மேலுதட்டில் வியர்த்தது.

"நல்லா இருக்கும்மா" என்றாள். பிறகு கழற்றி மடித்து வைத்தாள்.

அத்தை எழுந்து ஆடுகளைப் பார்க்க வெளியே போனார். ஆடுகள் அப்போது பட்டியில் இல்லை.

4

இங்கிருந்து வருவதுதான் யாரிடமும் சொல்ல முடியாமல் ஆறு வருடம் கிடந்தது.

"அன்று துவைக்க வேண்டிய நாள் என்பதால் நான்" (இல்லை. துவைக்கும் நாள் இல்லை.)

"சட்டைகள் அழுக்காக இருந்த" (இல்லை.)

நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரி. என் கணவன் ஜெனிஷ் மந்தையோடு மேலே குளிர்காலக் கொட்டிலில் இருந்தான். அத்தைக்கு நெஞ்சுச் சளி, படுக்கையில். முந்தின நாள் தண்ணீர்க் குழாயடியில் ரைகான் பத்துப் பேர் முன்னால் கேட்டாள்: "ஏன்டி, அப்பன் இல்லாத பொண்ணை இந்தக் குளிர்ல அரை அம்மணமா அலைய விடறீங்க. செத்தா பாரம் கொறையும்னா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு வீடு வரும்வரை முகம் எரிந்தது.

மறுநாள் துமார் வெந்நீரில் உடம்பு கழுவப் போனபோது மூன்று உள்சட்டைகளையும் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் அமுக்கினேன். வேண்டுமென்றேதான். இதற்கு வேறு சொல் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

துண்டோடு வந்து நின்றாள்.

"அண்ணி, என் சட்டைங்க எங்க?"

"ஊறுது."

"மூணுமா?"

"மூணும்தான். ஸ்வெட்டரைப் போட்டுக்க. உங்கம்மா நாலு மாசம் உக்காந்து பின்னுனது, பெட்டியில கெடந்து பூச்சி திங்குது. ஊரு என்னைத்தான் பேசுது, உன்னை இல்ல."

தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கான பதிலெல்லாம் வைத்திருந்தேன்.

"சரி அண்ணி" என்றாள்.

வெறும் உடம்பில் ஸ்வெட்டரைப் போட்டு, மேலே ஜாக்கெட்டை மாட்டினாள். கட்டிலிலிருந்து அத்தை தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. அதை நான் கவனித்தேன், எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மதியம் கிடாரி ஒன்று திரும்பவில்லை. ஓடைப்பள்ளத்தின் பக்கம் போயிருக்கும், பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். வாசலில் ஒரு தடவை கழுத்தை வலமும் இடமும் திருப்பினாள். வானம் அப்போது நீலமாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் பனிப்புயல் இறங்கியது. எதிர்வீட்டுப் புகைபோக்கி கூடத் தெரியவில்லை. கிடாரி தானாகவே வந்து பட்டிக் கதவை முட்டியது.

5

விடிந்ததும் புயல் ஓய்ந்தது. செய்தி கேட்டு ஜெனிஷ் மேலேயிருந்து இறங்கினான். ஆண்கள் குதிரைகளில் மேட்டுப் பாதையில் போனார்கள். நான் ஓடைப்பள்ளம் வழியாக நடந்தேன்.

அவளை ஜெனிஷ்தான் கண்டான். ஒரு பாறையின் மறைவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்கு மேல் ஒன்றுமில்லை. ஐந்தடி தள்ளி ஜாக்கெட். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் தன் ஆட்டுத்தோல் கோட்டை அவள்மேல் போர்த்திக்கொண்டிருந்தான்.

ஊர் ஊராகத்தானே இருக்கும். அரை உடம்பு அம்மணமாகக் கிடந்த பெண் என்றால் என்னென்ன பேசுவார்களோ அதெல்லாம் மதியத்துக்குள் பேசிவிட்டார்கள். யாரோ ஒருத்தன் இருந்திருக்கிறான் என்றார்கள். பதினோரு நாளில் திரும்பி வந்தவள்தானே என்றார்கள். மாவட்டத்திலிருந்து வந்த வைத்தியர், வயதான மனிதர், அதைக் கேட்டு எரிச்சலோடு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"யாரும் தொடல. உறைஞ்சு சாகறவங்க கடைசியில துணியை உருவிப் போடுவாங்க. உடம்பு எரியற மாதிரி இருக்கும் அவங்களுக்கு. நான் இதோட ஏழு பேரைப் பார்த்தாச்சு."

"ஸ்வெட்டர் போட்டிருந்தாளே, அது எங்க?" என்றார் அத்தை கட்டிலிலிருந்து.

"ஜாக்கெட் பக்கத்துல கெடந்துச்சு அத்தை. நான் எடுத்துட்டு வந்தேன்" என்று கோட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அத்தை தன் மகனைப் பார்த்தார். ஜெனிஷ் என்னைப் பார்த்தான்.

"ஆமா. கெடந்துச்சு" என்றான்.

அதற்குப் பிறகு அவன் அதைப்பற்றி என்னிடம் பேசியதே இல்லை.

முற்றத்தில் யர்த் கூடாரம் அடித்து அவளைக் கிடத்தினார்கள். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். குளிப்பாட்டிய நாலு பேரில் ரைகானும் ஒருத்தி. குளிப்பாட்டியவர்களுக்கு இறந்தவரின் துணிகளைக் கொடுப்பது எங்கள் வழக்கம். பருத்தி உள்சட்டைகளை யாரும் வாங்கவில்லை. ஸ்வெட்டரை ரைகான் எடுத்துக்கொண்டாள்.

[இறந்தவரைச் சுற்றும் கஃபன் துணி வெள்ளைப் பருத்தி. தையல் கிடையாது. இதை வைத்து ஒரு பத்தி எழுதினேன், அழகாக வந்தது. கிழித்துவிட்டேன். அவள் சாவில் எனக்கு ஓர் அழகான பத்தி கிடைக்கக் கூடாது.]

நாற்பதாம் நாள் சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு அத்தை சொன்னார்: "கடைசியில நான் பின்னுனதுதான் அவ மேல இருந்துச்சு. குளிர்தான் அதை உருவிடுச்சு. என் பொண்ணு உருவல." அதைச் சொல்லித்தான் அவர் இந்த ஆறு வருடமும் தூங்குகிறார்.

கதையை இங்கேயே முடித்துவிடலாம்.

6

நான் ஓடைப்பள்ளம் வழியாக நடந்தேன் என்று எழுதினேன் அல்லவா. பள்ளத்தின் வாயில், எங்கள் வீட்டுச் சன்னல் கண்ணிலிருந்து மறையும் முதல் திருப்பத்தில், ஒரு சூரைச்செடிப் புதர் உண்டு. தரையோடு படர்ந்து குடை மாதிரி நிற்கும். அடியில் பனி விழாது. அங்கேதான் ஸ்வெட்டர் இருந்தது.

மடித்து வைத்திருந்தாள். கைகளை உள்ளே மடக்கி, கழுத்து மேலே வரும்படி, கடையில் வைப்பது போல. காற்று கொண்டுபோகாமலிருக்க மேலே ஒரு கல். கல்லுக்கும் கம்பளிக்கும் நடுவே அவளுடைய கைக்குட்டையை விரித்திருந்தாள், அழுக்குப் படக்கூடாது என்று.

வீட்டிலிருந்து இருநூறு அடிகூட இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதே கழற்றியிருக்கிறாள். வெறும் உடம்பில் ஜாக்கெட்டை மட்டும் போட்டுக்கொண்டு மேலே போயிருக்கிறாள். திரும்பும்போது எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரலாம், அண்ணிக்கும் தெரியாது, அம்மாவும் வருத்தப்பட மாட்டாள் என்று.

நான் அங்கே நின்றது எவ்வளவு நேரம் என்று தெரியாது. கல்லை எடுத்தேன். ஸ்வெட்டரை உதறிக் கசக்கிக் கோட்டுக்குள் திணித்தேன். கைக்குட்டை என்னிடம்தான் இருக்கிறது. அப்புறம்தான் மேலே ஜெனிஷ் கத்துவது கேட்டது.

மூன்று சட்டைகளும் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா? அந்தப் புயலில் மேய்ப்பர்கள் இரண்டு பேர், ஆட்டுத்தோல் கோட்டுடனேயே செத்தார்கள். எனக்குத் தெரியவில்லை. வைத்தியரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் எல்லாவற்றையும் சொல்கிறேன், அத்தை என் தலையைத் தடவுகிறார். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. இன்னொன்றில் ஸ்வெட்டரை ரைகானிடமிருந்து திரும்ப வாங்கி எரிக்கிறேன். கதைகளில் எரிப்பது சுலபம். ரைகானுக்கு முதுகு வலி, குளிர் ஆகாது, வேறு ஸ்வெட்டரும் கிடையாது.

அத்தைக்கு இப்போது இரண்டு கண்ணிலும் புரை. மாவட்டப் பத்திரிகையை வியாழக்கிழமைதோறும் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அதில் எப்போதாவது என் கதை வந்தால் அதையும். இரண்டு வாரமாக நான் எழுதிக்கொண்டே இருப்பது அவருக்குத் தெரியும்.

இன்று மதியம் கேட்டார்: "யாரைப் பத்தி?"

"துமாரைப் பத்தி அத்தை."

கிண்ணத்தை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"கம்பளி வருதா அதுல?"

"வருது."

"அப்ப வாசி."

வாசித்தேன். தலைத்துணி வந்த இடத்தில் உதட்டைக் கடித்தார். சட்டைகளை ஊறவைத்த இடத்தில் அழுதுகொண்டே வாசித்தேன். அந்தப் பகுதி முடிந்ததும் சொன்னார்: "என்னால படுக்கையில இருந்து எந்திரிக்க முடிஞ்சிருந்தா நானே ஊற வச்சிருப்பேன். அதுக்கு ஏன் அழற. ஸ்வெட்டரைப் போட்டதால கடைசி வரைக்கும் சூடாத்தான இருந்திருப்பா."

ஐந்தாம் பகுதியும் முடிந்தது. அவர் தொழுகைக்கு எழுந்து போயிருக்கிறார். பக்கத்து அறையில் விரிப்பை உதறும் சத்தம் கேட்கிறது. அந்த நேரத்தில்தான் இந்தக் கடைசிப் பகுதியை எழுதுகிறேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் "அவ்வளவுதானா?" என்பார்.

ஐந்தாம் பகுதி தாளின் அடியில் முடிகிறது. ஆறாவது மறுபக்கம். அத்தைக்குக் கண்தான் தெரியாது. தாள் புரளும் சத்தம் நன்றாகவே கேட்கும்.

நீங்கள் புரட்டிவிட்டீர்கள். நான் இன்னும் புரட்டவில்லை.